காயல்பட்டினம் செட்

நவம்பர் 2, வியாழன்

இந்த நோட்டு செட்டுகளின் வேலைக்கு மட்டும். என்ன கழற்றினேன், என்ன மாட்டினேன், எந்த முனையில் எத்தனை வோல்ட், அவ்வளவுதான். சொந்தப் புலம்பலுக்கு இங்கே இடம் கிடையாது. அதற்கு ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இன்று காயல்பட்டினம் செட்டை நான்காவது முறையாகத் திறந்தேன். எந்த ஊரில் வாங்கினேனோ அந்த ஊர்ப்பெயரைத்தான் என் செட்டுகளுக்கு வைப்பேன். ஏர்வாடி செட், வள்ளியூர் செட், களக்காடு செட் என்று இப்போது பதினொன்று இருக்கின்றன. எல்லாம் எழுபதுகளின் ஜப்பான் ரிசீவர்கள். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் பெட்டிக்குள் சேலை சுற்றிக் கொண்டுவந்தவை. ரேடியோவும் ஆம்பும் ஒரே உடம்பில். பட்டனைத் தட்டினால் டயல் முழுக்க நீல வெளிச்சம் வரும் பாருங்கள், அதைப் பார்த்தால் சோறே வேண்டாம்.

காயல்பட்டினம் செட் பதினாலு கிலோ. ஜூலை ஒன்பதாம் தேதி வாங்கினேன். திரும்பும் வழியில் செய்துங்கநல்லூருக்கு முன்னால் ஸ்கூட்டர் சறுக்கியதில் செட்டுக்கு அடி. அன்றிலிருந்து வேலை நடக்கிறது. இடது பக்கம் சத்தம் இல்லை. வலது பக்கம் ஒரே இரைச்சல்.

நவம்பர் 3, வெள்ளி

கண்டன்சர் நான்கு மாற்றினேன். மழை.

நவம்பர் 5, ஞாயிறு

பெங்களூரிலிருந்து மகள் ஷைனி பேசினாள். வேலைக் குறிப்பில் இது வரக்கூடாதுதான். ஆனால் அவளோடு பேசிக்கொண்டே வைத்ததில் ஈயம் தப்பான இடத்தில் விழுந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

"அப்பா, இருவத்தஞ்சாம் தேதி சாயங்காலம் ரயில். நாகர்கோவில்லருந்து அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன். அதுக்குள்ள ஒரு தடவ வந்து பாருங்க."

"வேலை பாதியில கெடக்குட்டி. செட்டைத் திறந்து போட்டிருக்கேன்."

"நாலு மாசமா திறந்துதான கெடக்கு? வரலேன்னா அம்மா இனிமே பாளையங்கோட்டைக்கு வரமாட்டா. இத நான் சொல்லலப்பா, அம்மாவேதான் சொல்லுதா."

வைத்துவிட்டாள். பெற்றவனிடம் பேசுகிற பேச்சா இது? என் மனைவி ரூபி நாகர்கோவிலில் தன் தங்கச்சி வீட்டில் சௌகரியமாகத்தான் இருக்கிறாள். தங்கச்சி நர்ஸ், தரைத்தளம், வெஸ்டர்ன் கக்கூஸ். இங்கே நடையெல்லாம் செட். வாக்கரை வைத்துக்கொண்டு எப்படி நடப்பாள்? அவள் நன்மைக்காகத்தான் நான் எதுவும் சொல்லவில்லை.

ஆமாம், ரூபிக்கும் கொஞ்சம் அடிபட்டது. எழுத விட்டுப்போயிற்று.

நவம்பர் 8, புதன்

சாம்பார் அடிப்பிடித்தது. பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டு பிரட்டைத் தின்றேன்.

நான் மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவன். முப்பத்தொரு வருஷம். இந்த வட்டாரத்தில் நான் ஏறாத படி கிடையாது, என்னைப் பார்த்துக் குரைக்காத நாய் கிடையாது. மீட்டரைப் பார்க்கிற சாக்கில் உள்ளே ஒரு பார்வை விடுவேன். ஷோகேஸில் என்ன செட், மேலே என்ன துணி மூடியிருக்கிறது, எல்லாம் மனதில் ஏறிவிடும். வேலையில் இருந்தபோது ஒன்றுகூடக் கேட்டதில்லை, அது மரியாதை இல்லை. ஓய்வு பெற்ற மறுவாரம் ஒவ்வொரு வீடாகப் போனேன். "மீட்டர் அண்ணாச்சியா? இந்தச் சவம் எதுக்கு ஒங்களுக்கு?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள்.

அப்படி ஊர் சுற்றினவன் இப்போது ஏன் வெளியே போவதில்லை என்று எதிர்வீட்டுக்காரர் கேட்கிறார். பால் வாசலுக்கு வருகிறது. கடைக்குப் போன் போட்டால் அரிசி வருகிறது. சிலிண்டர் வருகிறது. வெளியே போய் என்னத்தைச் சாதிக்க? அவர் ஜோலியை அவர் பார்க்கட்டும்.

இன்று கண்டன்சர் ஆறு.

நவம்பர் 11, சனி

ரூபி பேசினாள். வாரம் ஒருமுறை பேசுவாள். வழக்கம்போல முதலில் அரிசிப் பானையில் வண்டு விழுந்திருக்கிறதா, மொட்டைமாடி வடிகுழாயில் இலை அடைத்திருக்கிறதா என்று விசாரணை. பிறகு வழக்கமான கேள்வி.

"செட்டு பாடுதா?"

"இன்னும் இல்ல ரூபி. அடி பலமாப் பட்டிருக்குல்லா. உள்ள எங்க என்ன ஒடிஞ்சிருக்குன்னே புடிபடல."

"அப்படியா" என்றாள். "சரி, பாருங்க."

கால் எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் மழைக்குக் கரண்ட் போனது. கரண்ட் போனால் போன் வேலை செய்யாதா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். வைத்துவிட்டேன்.

நவம்பர் 14, செவ்வாய்

நாகர்கோவில் போகலாம் என்று கிளம்பினேன். வெள்ளைச் சட்டை, குடை, அவளுக்குப் பிடித்த மஸ்கோத்து அல்வாவைப் போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று துணிப்பை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பஸ் நிறுத்தம் வரை போய்விட்டேன். நாகர்கோவில் பஸ்ஸே வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்ததும் ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னை அணைத்தேனா என்று ஒரு சந்தேகம். பஸ் கண்டக்டர், "ஏறுதீரா, எறங்குதீரா?" என்று கத்தினான். இறங்கிவிட்டேன். தீப்பிடித்தால் யார் பொறுப்பு?

வந்து பார்த்தேன். அணைத்துத்தான் இருந்தது. சுவரிலிருந்தே பிடுங்கி வைத்திருந்தேன்.

நவம்பர் 15, புதன்

மறுபடியும். இந்த முறை கேட் வரைதான்.

நவம்பர் 16, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டேன். ரோட்டில் லாரி போகிற சத்தத்தைக் கேட்க முடியவில்லை. இத்தனை வருஷம் இந்த ரோட்டில் லாரி போகவில்லையா என்ன? வீடே சுருங்கிவிட்டது போல இருக்கிறது. கூடத்திலிருந்து அடுப்படிக்குப் பக்கவாட்டில்தான் நடக்க முடிகிறது. இந்தப் பக்கம் களக்காடு, அந்தப் பக்கம் ஏர்வாடி. நானே வாங்கி நானே அடுக்கி நானே நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

நவம்பர் 18, சனி

உதுமான் வந்தார். மேலப்பாளையத்தில் ஸ்பீக்கர் பெட்டி செய்கிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். செட் பைத்தியத்தில் எனக்குச் சமம். காயல்பட்டினம் செட் இருக்கிற வீட்டைச் சொன்னவரும் அவர்தான். நான் கூப்பிடவில்லை. கையில் கண்டன்சர் சோதிக்கிற மீட்டரோடு அவராகவே வந்தார்.

"அண்ணாச்சி, ஷைனி போன் போட்டுச்சு. 'மாமா, அந்தச் செட்டுல அப்படி என்னதான் போச்சுன்னு பாத்துச் சொல்லுங்க'ன்னு அழுவுது."

"நாலு மாசமா நான் பாத்ததுக்கு மேல நீரு என்ன வே பாக்கப் போறீரு?"

"பாக்கதுல என்ன தப்பு? கழட்டினதெல்லாம் எங்க?"

செட் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய சாமான் எதையும் எறிய மாட்டோம். எந்த இடத்தில் இருந்தது என்று சீட்டு ஒட்டி ஒரு டப்பாவில் போட்டு வைப்போம். புதிதாக மாட்டியது தகராறு செய்தால் பழையதை வைத்து ஒப்பிடலாம். என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தது. ஒளித்து வைத்திருக்கலாம். ஆனால் பழக்கதோஷம், கேட்டதும் கை தானாக எடுத்து நீட்டிவிட்டது.

அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்தார். நான் டீ போட்டேன். டீயை வைத்துவிட்டு வந்து நின்றேன். பத்து, இருபது, முப்பது. டீ ஆறி ஆடை படிந்தது. நாற்பத்தாறையும் வைத்துப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, இதுல ஒண்ணுகூடப் போகலியே. அம்புட்டும் கல்லு மாதிரி இருக்கு. நல்லா இருந்தத ஏன் கழட்டினீங்க?"

"மீட்டர் தப்பாக் காட்டும்."

"என் மீட்டரா? நீங்க வாங்கித் தந்த மீட்டரு இது."

பிறகு செட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். போர்டில் விரிசல் இல்லை. டிரான்ஸ்பார்மர் அசையவில்லை. டயல் கண்ணாடியில் கீறல்கூட இல்லை. மரப்பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் நகக்கண் அளவுக்குச் சிராய்ப்பு.

"இது விழுந்த செட்டு மாதிரியே இல்லையே" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். ஆறின டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "வாரேன் அண்ணாச்சி" என்று போய்விட்டார்.

நவம்பர் 19, ஞாயிறு

உதுமானுக்கு என்ன தெரியும்? பெட்டி செய்கிறவன் பெட்டியோடு நிற்க வேண்டியதுதானே? கோட்டிப்பயல். அடுத்தவன் செட்டில் டார்ச் அடிக்க வந்துவிட்டான்.

(சாயங்காலம்) அவரைத் திட்டி எழுதியதை அடிக்க மனம் வரவில்லை. இருக்கட்டும். ஆனால் அவர் சொன்னது சரி.

செட் பாடியது. ஜூலை பதினொன்றாம் தேதியே பாடியது. ரூபிக்கு ஆபரேஷன் நடந்த அன்று மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் போட்டிருந்த செட்டைப் பார்த்தேன். எப்போதும் போல முதலில் ஒரு பல்பைத் தொடரில் மாட்டி, மெதுவாகக் கரண்ட் கொடுத்தேன். செட்டுக்குள் கோளாறு இருந்தால் பல்ப் பளீரென்று எரியும். எரியவில்லை. நான்கு விநாடியில் உள்ளே டிக்கென்று ரிலே சுவிட்ச் விழுந்தது. நீல வெளிச்சம். திருநெல்வேலி வானொலியில் யாரோ உரம் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் கணீரென்று கேட்டது.

உடனே பிடுங்கிவிட்டேன். ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் ஷைனி, "செட்டு உடைஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டாள். உடைந்துவிட்டது என்றேன்.

செட்டும் உடைந்தால் ரூபி, நான், செட் என்று மூன்று பேருக்கும் அடி என்று ஆகும். செட் உடையவில்லை என்றால் மொத்த அடியும் எங்கே போயிற்று என்று சொல்ல வேண்டிவரும். அதன் பிறகு வேலை செய்கிறேன் என்று காட்ட நல்ல கண்டன்சர்களைக் கழற்ற ஆரம்பித்தேன். செப்டம்பரில் என் சால்டரிங் சூட்டில் போர்டின் செம்புக்கோடு ஒன்று உரிந்துவிட்டது. இடது பக்கம் போனது அப்போதுதான். ரூபி காப்பாற்றிய செட்டை நான் உடைத்திருக்கிறேன்.

நவம்பர் 21, செவ்வாய்

ரூபி பேசினாள். சனிக்கிழமைப் பேச்சை இந்த வாரம் முன்னாலேயே பேசிவிடுகிறாளாம், சனிக்கிழமை ரயில் இருப்பதால்.

"என் ரெண்டு சேலையும் பைபிளும் அங்க இருக்கு. முடிஞ்சா குடுத்தனுப்புங்க. முடியலேன்னா கெடக்கட்டும்."

"நான் வாரேன் ரூபி."

"வாங்க, வராம இருங்க, அது உங்க இஷ்டம். நான் இனிமே எதிர்பாக்கல." சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். கடைக்காரனிடம் பருப்பு இல்லையென்றால் பரவாயில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். பயமாக இருக்கிறது. அவள் இல்லாமல் இந்த வீட்டில் நான் செத்தால் செட்டுகளுக்கு நடுவிலிருந்து என்னை எடுக்கவே அரைநாள் ஆகும்.

இந்த வாரம் அவள் செட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

நவம்பர் 23, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளையும் கேட் வரை போய்த் திரும்பிவிடுவேன்.

காயல்பட்டினத்திலேயே ரூபி சொன்னாள், "ஒரு கார் புடிச்சிருவோமே." நான்தான் கூடாது என்றேன். கார் டிக்கியில் வைத்தால் குலுங்கும், மனுஷ உடம்பு மேல் சாய்ந்து வருகிற செட்தான் கெடாமல் வரும் என்று எங்கள் கூட்டத்தில் எல்லோரும் வேதவாக்கு மாதிரி சொல்லுவோம். போர்வையில் சுற்றி எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தேன். "ரெண்டு கையாலயும் புடிச்சுக்க. என்ன ஆனாலும் விட்டுராத" என்றேன். இரண்டு கையும் செட்டில் இருந்தால் அவள் எதைப் பிடித்துக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அறுபத்திரண்டு வயது மனுஷனுக்கு, முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவனுக்குத் தோன்றவில்லை.

மணலில் வண்டி சறுக்கியது. நான் ஒரு பக்கம் புரண்டேன். எனக்குச் சிராய்ப்புதான். அவள் கையை விடவில்லை. செட்டை நெஞ்சோடு கட்டிக்கொண்டு விழுந்தாள். அது அவள் காலில்தான் இறங்கியது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. தகடு வைத்திருக்கிறார்கள்.

நான் எழுந்து ஓடினேன். ஓடிப்போய் முதலில் செட்டைத் தொட்டேன். போர்வையை விலக்கி டியூனிங் குமிழை ஒரு சுண்டு சுண்டினேன். முள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. அப்புறம்தான் அவளைப் பார்த்தேன். அவள் கண் மூடியிருந்தது. மயங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டுதான் இத்தனை நாளும் உயிரோடு இருக்கிறேன்.

நவம்பர் 24, வெள்ளி (நாகர்கோவில்)

காலையில் உதுமானைக் கூப்பிட்டேன். "வாரும் வே, என்னைய இந்த வாசலத் தாண்டி விட்டுரும். ஒத்தையில என்னால ஆகல" என்றேன். அரைமணியில் வந்தார். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை, மனுஷன் தங்கம். பிளக்குகளை எல்லாம் என் கண் முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கதவைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பைக்குள் போட்டார்.

"ஞாயித்துக்கிழமதான் சாவி தருவேன். நடுவுல திரும்பி வந்தா வாசப்படியிலதான் படுக்கணும், பாத்துக்கிடுங்க."

பஸ்ஸில் என் பக்கத்தில் நாங்குநேரி வரை வந்தார். வழியெல்லாம் என் கை வேர்த்து சேலைப்பை ஈரமாகிவிட்டது. இறங்கும்போது, "இதுக்கு மேல நீங்களே போயிருவீங்க" என்றார். போய்விட்டேன்.

ஷைனிதான் கதவைத் திறந்தாள். விலகி வழிவிட்டாள். ரூபி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தலையில் இத்தனை நரை எப்போது வந்தது? பையை வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் வாய் வராது என்று தெரியும்.

"ரூபி, செட்டுக்கு ஒண்ணும் ஆகல. அது ஜூலையிலேயே பாடிச்சு. பொய் சொன்னேன். அப்புறம் நானே அதக் கெடுத்துட்டேன். இன்னொண்ணு... அன்னைக்கு ரோட்டுல நான் முதல்ல அதத்தான் தொட்டேன். உன்னைய இல்ல."

"தெரியும்" என்றாள்.

"உதுமான் சொன்னாரா?"

"உதுமானுக்கு எப்படித் தெரியும்? நான் மயங்கல. வலியில கண்ண மூடியிருந்தேன், நீங்க ஓடிவந்த சத்தம் கேட்டுத் தொறந்தேன். குமிழச் சுண்டினீங்க. முள்ளு ஓடிச்சு. 'அப்பாடா'ன்னு சொன்னீங்க."

அதை நான் நேற்று எழுதவில்லை. மறந்துபோய் எழுதாமல் விட்டேனா என்று கர்த்தருக்குத்தான் தெரியும். சொன்னேன். அப்பாடா என்றுதான் சொன்னேன்.

"வாரா வாரம் செட்டு பாடுதா, செட்டு பாடுதான்னு கேட்டேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? ஒரு வாரமாவது உண்மையச் சொல்ல மாட்டாரான்னுதான். கால் வலிகூடப் பொறுத்துக்கலாம். அந்த அப்பாடா இருக்கே, அது ஒறங்கவிடல."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன். அவள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. வெகுநேரம் கழித்துச் சேலையைத் தொடைவரை ஒதுக்கித் தையலைக் காட்டினாள். நீளமாக இருந்தது. நாலு மாதத்தில் இன்றுதான் பார்க்கிறேன்.

"தொடுங்க" என்றாள்.

கை வைத்தேன். "மெதுவா, வலிக்கி" என்றாள். கையை எடுக்கச் சொல்லவில்லை.

நவம்பர் 25, சனி

நாகர்கோவில் ஸ்டேஷன். ஷைனி முன்னால் போக, ரூபி வாக்கரை ஊன்றிப் பின்னால் நடந்தாள். நான் பையோடு அவள் பக்கத்தில் நடந்தேன். பெட்டியில் ஏற்றிவிட்டு வெளியே வந்து ஜன்னலோரம் நின்றேன்.

"போனதும் முதல் வேலையா அந்தச் சனியன உடைச்சுப் போடுதேன் ரூபி. சத்தியமா."

அவள் முகம் மாறிவிட்டது. நேற்றுகூட வராத கோபம் அப்போது வந்தது.

"உடைக்கதுக்கு நீங்க யாரு? அதுக்குக் காலக் குடுத்தவ நான். அது என் செட்டு. புடுங்கினதெல்லாம் திருப்பி மாட்டி, நான் புடிச்சிருந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கி வைங்க. அது என்ன பாட்டு பாடுதுன்னு நான் ஒரு நாளும் கேக்கலியே. வந்து கேக்கணும்."

"எப்ப வருவ?"

சிக்னல் விழுந்து ரயில் நகர்ந்தது. நான் நடைமேடை முடிகிற வரை கூடவே நடந்தேன். எப்போது என்று அவள் சொல்லவில்லை.